ஈவென்ட் வியூவர் முழுக்கச் சிவப்பு: என் கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று?

வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து தருகிற ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடையது ஐந்து வருடப் பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 11 ஒரு எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது, வேலைக் கோப்புகள் எல்லாம் டி டிரைவ் என்ற பெயரில் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. சில வாரங்களாகப் பெரிய கோப்புகளைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் மட்டும் நகரும், வேறு எதுவும் அசையாது. பொறுத்துப் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது வழக்கமாகிவிட்டது.

காரணம் தேடி, விண்டோஸ் தனக்குள் நடப்பதை எழுதி வைக்கும் பதிவேட்டை (லாக்) காட்டுகிற ஈவென்ட் வியூவரைத் திறந்தவருக்கு அதிர்ச்சி. டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்று தினமும் டஜன் கணக்கில் வரிகள். கம்ப்யூட்டரைப் போட்டதும் 7009, 7000 என்று சில சிவப்பு எரர்கள். 'கிரிட்டிக்கல்' என்ற தலைப்பில் கெர்னல்-பவர் 41 பல முறை. போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "நடுநடுவே டிஸ்க் 153 என்று மஞ்சள் எச்சரிக்கைகளும், டிஸ்க் 7 என்று இரண்டு எரர்களும் உண்டு. அவை குறைவுதான்."

தீர்வு தேடியபோது திரை முழுவதையும் மறைத்து ஒரு எச்சரிக்கையும் தொலைபேசி எண்ணும் வந்திருக்கின்றன. அழைத்திருக்கிறார். எதிர்முனையில் பேசியவர் ரிமோட் சாஃப்ட்வேர் ஒன்றை நிறுவச் சொல்லி உள்ளே வந்து, இதே ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டி, "இத்தனையும் வைரஸ்" என்றிருக்கிறார். கார்டு எண் கேட்டதும் சந்தேகம் வந்து வாசகி இணைப்பைத் துண்டித்துவிட்டார். இப்போது ஆளுக்கொரு யோசனை. தம்பி லாகை அழித்துவிடு, இல்லையென்றால் ஃபார்மேட் செய் என்கிறார். தெரிந்த மெக்கானிக், கம்ப்யூட்டருக்கு உள்ளே மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றச் சொல்கிறார். ஒரு வீடியோ 10016-க்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்கிறது. எதைச் செய்வது என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒன்று செய்துவிடுங்கள். கம்ப்யூட்டரின் இணையத்தைத் துண்டியுங்கள்; வைஃபையை அணைத்தாலும் சரி, கேபிளைப் பிடுங்கினாலும் சரி. பிறகு ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைச் செருகி, இப்போது கையில் இருக்கிற வேலைகளின் கோப்புகளை அதில் காப்பி எடுங்கள். மீதியை எல்லாம் அதன் பிறகு பேசலாம். நீங்கள் "குறைவுதான்" என்று ஒதுக்கிய அந்த 153-ம் 7-ம்தான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை.

காப்பி எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டி டிரைவ் முழுவதையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போடாதீர்கள். இந்த மாதம் கொடுக்க வேண்டிய வேலைகள் முதலில், முடித்துக் கொடுத்த புத்தகங்களின் மூலக் கோப்புகள் அடுத்து, மறுபடி எங்கிருந்தாவது கிடைக்கக்கூடியவை கடைசியில். ஏதாவது ஒரு கோப்பில் வந்து நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விண்டோஸோடு வரும் காப்பி கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் யாராவது உதவிக்கு வந்தால், மறுமுயற்சி எண்ணிக்கையை ஒன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். இயல்பாக விட்டால் அது படிக்க முடியாத ஒரு கோப்பை 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். காப்பி எடுக்கும்போது டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு செய்பவர்களிடம் கொண்டுபோங்கள். அந்த நிலைமையில் நாமாகச் செய்கிற எந்த முயற்சியும் நஷ்டத்தைத்தான் கூட்டும்.

எண்ணிக்கை எதையும் சொல்லாது

ஈவென்ட் லாக் என்பது காவலாளியின் இரவு நோட்டு மாதிரி. பூனை சுவர் ஏறியதும் அதில் இருக்கும், திருடன் ஏறியதும் இருக்கும், இரண்டும் ஒரே மையில். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர் எதைத் திறந்து பார்த்தாலும் சிவப்பு வரிகள் இருக்கும். உங்களிடம் பேசிய அந்த ஆசாமியின் வித்தையே இதுதான். யாருடைய கம்ப்யூட்டரிலும் இந்தத் திரையைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கம்ப்யூட்டரில் நிஜமாகவே ஒரு கோளாறு இருப்பது தற்செயல். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

10016 விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். விண்டோஸின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும்போது முதலில் ஒரு விதமாக அனுமதி கேட்கிறது. மறுக்கப்பட்டால் வேறு விதமாகக் கேட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. முதல் மறுப்பு மட்டும் லாகில் பதிவாகிவிடுகிறது. இது தெரிந்தே அப்படி வடிவமைக்கப்பட்டது, கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. வீடியோவில் சொல்கிறபடி செய்ய வேண்டுமென்றால், விண்டோஸ் பூட்டி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி பகுதிகளின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி, அனுமதிகளைத் தளர்த்த வேண்டும். எதையும் பாதிக்காத ஒரு வரியைக் கண்ணில் படாமல் செய்வதற்காகப் பாதுகாப்பில் ஓட்டை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணை உறுத்தினால் வடிகட்டிக்கொள்ளுங்கள். சிஸ்டம் லாகில் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதைத் திறந்து, ஈவென்ட் ஐடி கேட்கும் பெட்டியில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி சேர்த்து -10016 என்று போட்டால், அதைத் தவிர மற்றவை மட்டும் தெரியும்.

7009, 7000 இரண்டும் ஜோடியாக வருபவை. ஏதோ ஒரு சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) 30 நொடிக்குள் பதில் சொல்லவில்லை, அதனால் தொடங்கவில்லை என்பதுதான் செய்தி. அந்த வரியிலேயே சர்வீஸின் பெயர் இருக்கும். பழைய பிரின்டருடன் வந்த சாஃப்ட்வேர் போல இப்போது தேவைப்படாத ஒன்றாக இருந்தால் அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

கெர்னல்-பவர் 41: விளைவைக் காரணம் என்று நினைத்தால்

'கிரிட்டிக்கல்', 'பவர்' என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் உங்கள் மெக்கானிக் எஸ்.எம்.பி.எஸ். என்று முடிவுகட்டிவிட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 41 சொல்வது மிகச் சின்ன விஷயம்: 'போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமலே நான் மறுபடி தொடங்கியிருக்கிறேன்.' ஏன் என்று அதற்குத் தெரியாது. மின்சாரம் போனாலும் 41, விண்டோஸ் முடங்கி நீலத்திரை வந்தாலும் 41, நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் 41. உங்கள் கடிதத்தின்படி ஒவ்வொரு முறையும் அணைத்தது நீங்கள்தான். ஆக அந்தப் பயங்கரமான வரிகள் உங்கள் விரல் எழுதியவை.

இதைச் சரிபார்க்கவும் முடியும். 41-ஐத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போங்கள். 'பக்செக்கோடு' என்பதற்கு எதிரே 0 இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. வேறு எண் இருந்தால் அதுதான் நீலத்திரையின் குறியீடு. ஆனால் தசம எண்ணில் இருக்கும். அங்கே 159 என்று இருப்பதை இணையத்தில் தேடும்போது பதினாறடிமான எண்ணாக மாற்றி, 9எஃப் என்று தேட வேண்டும். 'பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்' 0 அல்லாத ஒரு நீண்ட எண்ணாக இருந்தால், பட்டன் அழுத்தப்பட்டது அங்கேயே பதிவாகியிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு விஷயத்தில் பலர் தடுமாறுவார்கள். 41-க்கு எதிரே இருக்கும் நேரம் கம்ப்யூட்டர் நின்றுபோன நேரம் இல்லை, மறுபடி தொடங்கிய நேரம். நின்றுபோனது ஏறக்குறைய எப்போது என்பதை ஈவென்ட்லாக் 6008 சொல்லும்: இந்தத் தேதி, இந்த நேரத்தில் நடந்த ஷட்டவுன் எதிர்பாராதது என்று அதன் செய்தியிலேயே இருக்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நிறத்தை மறந்துவிடுங்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியலில் நான் அதைத்தான் செய்தேன். நின்றுபோன ஒவ்வொரு தடவையும், அதற்குச் சற்று முன்னால் டிஸ்க் 153 வரிசையாக வந்திருக்கிறது.

அந்த மஞ்சள் வரி

153 என்ன சொல்கிறது? டிஸ்க்கில் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் படிக்கவோ எழுதவோ கேட்டேன், நேரத்துக்குப் பதில் வரவில்லை, மறுபடி கேட்டேன் என்கிறது. மறுபடி கேட்டதில் கிடைத்துவிடலாம் என்பதால்தான் அது எரர் ஆகாமல் எச்சரிக்கையாக நிற்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் நீங்கள் 'கம்ப்யூட்டர் நின்றுவிட்டது' என்று உணர்கிறீர்கள். எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் மவுஸ் நகர்கிறது. டி டிரைவிலிருந்து ஏதாவது வேண்டும் என்று கேட்ட சாஃப்ட்வேர் மட்டும் வாய் மூடி நிற்கிறது. டிஸ்க் 7 இதைவிட வெளிப்படை: டிஸ்க்கில் ஒரு பழுதான பகுதி இருக்கிறது என்பதுதான் அதன் செய்தி.

எந்த டிஸ்க் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 153-இன் செய்தியில் 'டிஸ்க் 1' என்றும், 7-இன் செய்தியில் 'ஹார்டுடிஸ்க்1' என்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால், டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எது எந்த டிரைவ் எனத் தெரியும். உங்களுடையதில் 1 என்பது டி டிரைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கோ பென் டிரைவோ செருகியிருந்தால் எண்கள் இடம் மாறலாம் என்பதால், எரர் வந்தபோது செருகியிருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காப்பி எடுத்து முடித்த பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதற்கு இணையம் தேவை என்பதால் வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவாருங்கள். அங்கே நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்பது பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல், தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தபோதும் மீட்க முடியாதவை. சி7 மட்டும் வேறு வகை: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு வழியில் சிதைந்த எண்ணிக்கை. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றவாளி பெரும்பாலும் அவை இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். அதை மாற்றினால் கதை முடிந்தது. ஆனால் உங்களுக்கு 7-ம் வந்திருப்பதால் அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நம்பவில்லை.

'குட்' என்று பச்சையில் காட்டினால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் தங்கள் மையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பநிலையை விட்டுவிட்டால், ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பழுது தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பழுதில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. ஸ்மார்ட் கெட்டது சொன்னால் நம்பலாம். நல்லது சொன்னால் பாதிதான் நம்பலாம்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

ஃபார்மேட் செய்வதைப் பற்றி முதலில். விண்டோஸை மறுபடி நிறுவினால் மாறுவது எஸ்.எஸ்.டி. மட்டும், கோளாறு இருக்கும் இடத்தை அது தொடவே தொடாது. டி டிரைவையே ஃபார்மேட் செய்யலாமா என்றால், அது இன்னும் ஆபத்தான ஏமாற்று. முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதும். அப்படி எழுதும்போது காத்திருக்கும் பழுதான பகுதிகள் ஒதுக்கப்பட்டு, சி5 பூஜ்யமாகி, டிஸ்க் குணமானது போலத் தோன்றும். அதை நம்பி வேலைக் கோப்புகளைத் திரும்ப வைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி இதே கடிதம் எழுதுவீர்கள்.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதைப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது சரிசெய்வது கோப்பு அமைப்பின், அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கின் ஒழுங்கை. உங்கள் கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பது அதன் வேலை இல்லை. பழுதான பகுதிகளைத் தேடச் சொன்னால் டிஸ்க்கை முழுக்கப் படிக்கும், தள்ளாடுகிற டிஸ்க்குக்கு அது பெரும் சுமை. காப்பி எடுக்கும் முன் வேண்டவே வேண்டாம். எடுத்த பிறகு அதற்குத் தேவையே இருக்காது.

புது கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காரணத்துக்காக வேண்டாம். டி டிரைவுக்கு ஒரு புது டிஸ்க், கூடவே ஒரு புது சாட்டா கேபிள், அவ்வளவுதான். பக்க வடிவமைப்பு வேலைக்கு, முடிந்தால் இதையும் எஸ்.எஸ்.டி.யாகவே போடுங்கள், பெரிய கோப்புகள் திறக்கும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். பழைய டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்று டிஸ்க் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் வாரன்டி டிஸ்க்குக்குத்தான், அதில் இருக்கும் தரவுக்கு இல்லை. அனுப்பிய டிஸ்க் பெரும்பாலும் திரும்பி வராது, அதனால் வாடிக்கையாளர்களின் வெளிவராத புத்தகங்கள் அதில் இருப்பதை யோசித்து, அனுப்பும் முன் முழுக்க அழித்துவிடுங்கள். மேலே வேண்டாம் என்ற முழு ஃபார்மேட் இதற்கு மட்டும் உதவும். அழிக்கக்கூட முடியாத நிலையில் டிஸ்க் இருந்தால் மாற்று டிஸ்க்கை விட்டுக்கொடுப்பதா, தரவை விட்டுக்கொடுப்பதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. நானாக இருந்தால் டிஸ்க்கை வெளியே அனுப்ப மாட்டேன்.

தம்பி சொன்னபடி லாகை அழிக்காதீர்கள். அழித்தால் சாட்சி போகும், கோளாறு போகாது. தவிர சிஸ்டம் லாகுக்கு இயல்பான அளவு 20 எம்.பி.தான், நிரம்பியதும் பழைய வரிகளை அதுவே மேலெழுதிவிடும். 10016-ஆல் உண்மையான தொந்தரவு ஒன்று உண்டென்றால் இதுதான், உபயோகமான பழைய வரிகளைச் சீக்கிரம் தள்ளிவிடுகிறது. அதனால் இன்றே 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்' கொடுத்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சொல்லப்போவதற்கும் அது தேவை.

உள்ளே வந்தவர் என்ன செய்துவிட்டுப் போனார்?

கார்டு எண்ணைக் கொடுக்காததால் தப்பித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி தப்பித்திருக்கிறீர்கள். உங்கள் திரையையும் கீபோர்டையும் கொஞ்ச நேரம் ஒருவர் கையில் வைத்திருந்தார். அந்த நேரத்தில் வேறு ஏதாவது நிறுவப்பட்டிருக்கலாம், பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளைப் பார்த்திருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரே தொழிலாக வைத்திருப்பவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். இனி நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மைக்ரோசாஃப்டின் உண்மையான எரர் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது.

இங்கே ஈவென்ட் லாக் நிஜமாகவே உங்களுக்கு உதவும். சிஸ்டம் லாகில் 7045 என்ற எண்ணைத் தேடுங்கள். புதிதாக ஒரு சர்வீஸ் நிறுவப்படும்போது அதன் பெயர், கோப்பு இருக்கும் இடம் இரண்டையும் அது பதிவு செய்யும். அந்த அழைப்பு நடந்த தேதிக்கும் நேரத்துக்கும் எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிறுவிய ரிமோட் சாஃப்ட்வேர் அங்கே இருக்கலாம், இரண்டாவதாக உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, அந்த நாளில் வந்தவற்றை நீக்குங்கள். புதிய யூசர் அக்கவுன்ட் ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் இணையத்தை இணைத்து, விண்டோஸ் டிஃபெண்டரைப் புதுப்பித்து, அதன் 'ஆஃப்லைன் ஸ்கேன்' வசதியை ஓட்டுங்கள்.

பாஸ்வேர்டுகளை இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றாதீர்கள், வேறொன்றிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்கும் சாவி அங்கேதான் வரும். அடுத்து வங்கி. இரண்டுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வங்கியிடம் நடந்ததைச் சொல்லி வைப்பதும், உங்கள் ஊர் சைபர் குற்றப் பிரிவில் புகார் பதிவதும் நல்லது. பணம் போகவில்லை என்றாலும் புகார் கொடுக்கலாம். 7045-இல் தெரியாத சர்வீஸ் எதையாவது கண்டாலோ, ஸ்கேனில் ஏதாவது சிக்கினாலோ, அப்போது மட்டும் தம்பியின் ஃபார்மேட் யோசனை சரியாகிவிடுகிறது. எஸ்.எஸ்.டி.யைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் அந்த நிலைமையில் உறுதியான வழி.

டிஸ்க் மாற்றிய பிறகு வழக்கம்போல ஓரிரு வாரம் வேலை செய்யுங்கள். லாக் முழுவதையும் தினமும் புரட்ட வேண்டாம். ஃபில்டரில் 7,51,55,129,153 என்று காற்புள்ளி போட்டு எழுதி அவ்வப்போது பாருங்கள், போதும். இவை எல்லாம் டிஸ்க், அதன் இணைப்பு, கோப்பு அமைப்பு தொடர்பானவை. பொதுவாகக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று தெரிய, ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடுங்கள்; நாள் வாரியாக என்ன கெட்டது என்று காட்டும், ஈவென்ட் வியூவர் அளவுக்குப் பயமுறுத்தாது. புது டிஸ்க்கிலும் 153 தொடர்ந்து வந்தால், அப்போது டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் ஆரம்பத்திலேயே சொன்ன அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்கச் சொல்லலாம்.